'மே' என்ற சொல்லுக்கு 'லாம்' மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருஷம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். காலையில் உங்கள் நாளிதழ் வாசலில் விழுந்ததும் எடுத்து வந்து, காபி ஆறுவதற்குள் முதல் இரண்டு பக்கத்தை முடித்துவிடுவேன். ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'மே' (may). ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொல், எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைத் தமிழில் கொண்டு வரும்போது நாம் காட்டும் அவசரத்தால் நிஜமான மனிதர்களுக்கு நிஜமான நஷ்டம் வருகிறது என்பதை இந்த மாதம் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் ஒரு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்து இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியத்தில் நிலுவைத் தொகை வர வேண்டியிருந்தது. பல வருஷம் அலைந்து, கடைசியில் ஒரு உத்தரவு கைக்கு வந்தது. உத்தரவு ஆங்கிலத்தில். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே டைப் அடிக்கும் கடை ஒன்றில் காசு கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி, அந்தத் தமிழ்த் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் நேரே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தத் தம்பி படிச்சுப் பார்த்துட்டு, வழங்கலாம்னுதான் போட்டிருக்கு, வழங்கியே ஆகணும்னு எங்கேயும் இல்லையேம்மான்னு சொல்லிட்டாரு. அப்ப இத்தனை நாள் அலைஞ்சது எதுக்கு டீச்சர்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'நிலுவைத் தொகையை எட்டு வாரங்களுக்குள் மனுதாரருக்கு வழங்கலாம்' என்று இருந்தது. ஆங்கில உத்தரவு எங்கே அக்கா என்று கேட்டேன். பீரோவில், கணவரின் இறப்புச் சான்றிதழோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து வந்ததும் படித்தேன். அதில் இருந்த சொல் 'ஷால்' (shall). எட்டு வாரங்களுக்குள் வழங்கியே ஆக வேண்டும் என்பதுதான் உத்தரவு. டைப் அடித்தவர் ஷால், மே, கேன் (can) எல்லாவற்றுக்கும் ஒரே 'லாம்' போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது, பழக்கம். ஆனால் அந்த ஒரு விகுதியால் ஒரு கட்டளை, விருப்பம் இருந்தால் செய் என்று ஆகிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் இத்தனை வருஷம் இதே சொல்லைத்தானே சொல்லிக் கொடுத்தேன் என்ற நினைப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலில் கற்கும் முழு ஆங்கில வாக்கியமே அதுதான். கதவருகே நின்று, கையை நீட்டி, "மே ஐ கம் இன் மிஸ்". மூச்சு விடாமல் சொன்னால் ஒரே சொல் போலக் கேட்கும். ஒரு முறை ஒரு பையனை அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "கதவுக்கு வெளியே நின்னு சொல்றது மிஸ்" என்றான். அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரிடம் கேட்கும் சொல் அது. அதற்குள் ஒரு மேல் கீழ் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது.

அந்தச் சொல்லின் பிறப்பே அதிகாரத்திலும் பலத்திலும்தான். பழைய ஆங்கிலத்தில் 'மாகன்' என்றால் வலிமை பெற்றிருத்தல், இயலுதல். பலம் என்று பொருள் தரும் 'மைட்' (might) என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரில் வந்ததுதான். 'கேன்' என்பதற்கு முதலில் தெரிந்திருத்தல் என்று பொருள். 'ஷால்' என்பதற்குக் கடன்பட்டிருத்தல். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் இன்றும் வழங்கும் 'ஷுல்ட்' இந்த ஷாலுக்கு உறவு. ஆக, ஒருவர் ஒன்றைச் செய்ய ஷால் என்றால், அதைச் செய்ய அவர் கடன்பட்டவர். என் பக்கத்து வீட்டு அக்காவின் விஷயத்தில் இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

தமிழிலும் இப்படிச் சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. பழந்தமிழில் வலிமையைக் குறிக்கும் 'வல்' தான் சொல்லவல்லார், செய்யவல்லார் என்று இயலுவதைக் குறிக்க வந்தது. 'மாட்டு' என்பதும் இயலுவதைக் குறித்த சொல்தான், மாட்டாதவன் என்றால் முடியாதவன். இன்றைக்கு நான் வர மாட்டேன் என்று சொன்னால் முடியாது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, விருப்பம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறோம். 'லாம்' எப்படி வந்தது? செய்யல் ஆம், அதாவது செய்தல் ஆகும். செய்தால் ஆகும் காரியம், தடை இல்லை என்ற அளவில்தான் அந்தச் சொல் நிற்கிறது. அதில் கட்டாயத்தின் நிழல் கூட இல்லை.

ஆங்கில மே மூன்று வேலை செய்கிறது. அனுமதி, நடக்கக்கூடும் என்ற ஊகம், அப்புறம் வாழ்த்து. வாழ்த்துக்குத் தமிழில் தனி வடிவமே இருக்கிறது, வியங்கோள்: வாழ்க, வருக, பெருகுக. பேச்சில் நல்லா இருக்கட்டும் என்போம். இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சிக்கல் முதல் இரண்டில். நீ போகலாம் என்பது அனுமதி, மழை வரலாம் என்பது ஊகம், இரண்டுக்கும் நம்மிடம் ஒரே லாம். ஆங்கிலத்துக்கு இருக்கும் அதே கோளாறு நமக்கும் இருக்கிறது, போதாக்குறைக்கு கிளம்பலாம் என்றால் வா, சேர்ந்து கிளம்புவோம் என்றும் அர்த்தம்.

ஒரு தலைப்பை நானே எழுதிக் காட்டுகிறேன். 'தனியார் பள்ளிகள் கட்டணத்தை உயர்த்தலாம்'. இதைப் படிக்கும் பெற்றோருக்கு என்ன புரியும்? உயர்த்திக்கொள்ள அரசு அனுமதி கொடுத்துவிட்டதா, இல்லை உயர்த்துவார்கள் என்று நிருபர் ஊகிக்கிறாரா? இரண்டும் ஒன்றா? முதலாவது என்றால் கட்டணக் குழுவிடம் போய் முறையிட்டுப் பயன் இருக்காது என்று நினைத்துவிடுவார், இரண்டாவது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் பக்கங்களில் இந்த மாதிரித் தலைப்புகளை வாரத்தில் பல முறை பார்க்கிறேன். ஊகம் என்றால் 'உயர்த்தக்கூடும்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? நம்மிடம் 'கூடும்' என்ற சொல் சும்மா கிடக்கிறது. ஒரு எழுத்தோ இரண்டு எழுத்தோ அதிகம், அவ்வளவுதானே.

எதிர்மறையில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவு. 'மே நாட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் செய்யக் கூடாது என்றும் பொருள், செய்யாமல் இருக்கலாம் என்றும் பொருள். தேர்வு அறையில் மாணவர் வெளியே போக மே நாட் என்று எழுதியிருந்தால் அது தடை. அதிகாரி கோப்பைப் பார்க்க மே நாட் என்றால் பார்க்காமல் விட்டுவிடவும் கூடும் என்று அர்த்தம். தமிழில் 'கூடாது' வேறு, 'செய்யாமல் இருக்கலாம்' வேறு, 'வேண்டாம்' வேறு, 'வேண்டியதில்லை' வேறு. ஈழத்தில் பேச்சில் ஏலும், ஏலாது என்று இயலுவதற்குத் தனிச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கருவிகள் கையில் இருந்தும் மொழிபெயர்க்கும்போது மட்டும் ஒரே சுத்தியலால் எல்லாவற்றையும் அடிக்கிறோம்.

இந்த மே நாட் சந்தேகம் தமிழ்நாட்டு வரலாற்றையே திருப்பிப்போட்ட ஒன்று, உங்கள் இளம் வாசகர்கள் பலருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றது, ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்றது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிய வேண்டும். அதற்கு முன்னால், 1963இல் ஆட்சிமொழிகள் மசோதாவை உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி நாடாளுமன்றத்தில் கொண்டு வந்தார். மூன்றாவது பிரிவில், 15 ஆண்டு முடிந்த பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'மே' என்று போட்டிருந்தது. ஷால் என்று போடவில்லை.

இந்தி பேசாத பகுதிகளின் உறுப்பினர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலோ இந்தியர்களின் பிரதிநிதியாக மக்களவையில் இருந்த ஃபிராங்க் ஆந்தனி கேட்டார். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாவும் இந்தச் சொல்லை எதிர்த்துப் பேசினார். பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் இருக்கலாம் என்றுதானே ஆகிறது, நாளைக்கு வேறொரு அரசு வந்து அப்படி எடுத்துக்கொண்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது என்பதுதான் கேள்வியின் சாரம். பிரதமர் நேரு, இங்கே மே என்பதை மே நாட் என்று படிக்கக் கூடாது என்று விளக்கம் சொன்னார். அவர் மனதாரச் சொன்னார் என்றே நான் நம்புகிறேன், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959லேயே வாக்குக் கொடுத்தவர் அவர். ஆனால் சொல் மாறவில்லை, மசோதா மே என்ற சொல்லோடே சட்டமானது. 1964 மே மாதம் நேரு காலமானார். விளக்கம் சொன்னவர் போய்விட்டார், சட்டத்தில் அச்சான சொல் மட்டும் நின்றது.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1964 ஜனவரியிலேயே கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்தார். 1965 ஜனவரியில் கெடு நெருங்கியபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, மேலும் சிலர் தீக்குளித்து மாண்டார்கள். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள், பிரதமராகியிருந்த சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி சொன்னார். அத்தனைக்கும் பிறகு 1967 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு கடிதப் போக்குவரத்து நடத்த ஆங்கிலம் பயன்படுத்தப்பட 'ஷால்' என்று அப்போதுதான் வந்தது. அப்படிப்பட்ட மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும், பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் போட்டாலொழிய அந்த ஏற்பாடு நீடிக்கும் என்ற பாதுகாப்பும் அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள், மூன்றாவது பிரிவின் முதல் உட்பிரிவில் இருந்த அந்தப் பழைய மே இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் வேலியாகச் சில ஷால்களை நட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம் தொடர்வதற்கு நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள்தான், ஆனால் சட்டமும் தீர்ப்பும் தமிழில் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கும் குறுக்கே நிற்பது ஒரு மே தான். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் நடக்க ஷால் என்கிறது. அடுத்த உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர் இந்தியையோ மாநிலத்தின் ஆட்சிமொழியையோ உயர் நீதிமன்றத்தில் அனுமதிக்க மே என்கிறது. அந்த மே உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய இடங்களில் இந்திக்குத் திறந்தது. நம் சட்டமன்றம் 2006லேயே தீர்மானம் போட்டும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கு இன்னும் திறக்கவில்லை. ஒரே சொல்தான், திறப்பவர் மனம் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

இப்படி இருப்பதால்தான் சாமானியருக்குச் சட்டம் எப்போதும் மொழிபெயர்ப்பாகவே வந்து சேர்கிறது, டைப் அடிக்கும் கடை வழியாகவோ உங்கள் நாளிதழ் வழியாகவோ.

காவல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கப் போனால் எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை போடாமல், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது நம் ஊரில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. கடத்தப்பட்ட ஒரு சிறுமிக்காக வந்த வழக்கு அது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவில் இருந்த ஷால் என்ற சொல்லைத்தான். ஒரு சொல்லின் பலத்தில் எத்தனை பேருக்குக் கதவு திறந்தது பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 173ஆவது பிரிவாக அது இருக்கிறது, கூடவே ஒரு மே சேர்ந்திருக்கிறது: மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த மே. நடத்த வேண்டும் என்று யாராவது தமிழில் எழுதிவிட்டால், ஒவ்வொரு புகாருக்கும் 14 நாள் காத்திருப்பது கட்டாயம் என்று மக்கள் நம்பிவிடுவார்கள். தப்பு இரண்டு பக்கமும் நடக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் அப்படியே. 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும், இல்லை காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அது ஷால். பதில் திருப்தி இல்லை என்றால் நாம் மேல்முறையீடு செய்ய மே, ஏனென்றால் மேல்முறையீடு செய்வதும் செய்யாததும் நம் விருப்பம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்க மறுபடியும் ஷால். எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அலுவலருக்குக் கடமை, குடிமக்களுக்கு உரிமை. அபராதம் 'விதிக்கலாம்' என்று தமிழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் படித்த வாசகர் யாராவது உடனே சொல்வார், டீச்சர், நீதிமன்றங்களே சில நேரம் மே என்பதை ஷால் என்றும், ஷால் என்பதை மே என்றும் படித்திருக்கின்றனவே என்று. உண்மைதான். 1880இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் வழக்கில், அதிகாரம் மட்டுமே கொடுக்கும் சொற்கள்கூடச் சூழ்நிலையைப் பொறுத்துக் கடமையோடு பிணைந்திருக்கக்கூடும் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை சொன்னது, ஆனாலும் அந்த பிஷப்புக்கு அது விருப்ப அதிகாரம்தான் என்று முடித்தது. நம் உச்ச நீதிமன்றம் 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க ஷால் என்று அரசியல் சட்டத்தின் 320ஆவது பிரிவு சொன்னாலும், கலந்தாலோசிக்காததால் மட்டுமே நடவடிக்கை செல்லாது என்று ஆகிவிடாது என்றது. ஆளுநர் மசோதாவை என்ன செய்ய ஷால், எப்போது திருப்பி அனுப்ப மே, இரண்டாம் முறை வந்தால் ஒப்புதலை மறுக்க ஷால் நாட் என்று அதே சட்டத்தின் 200ஆவது பிரிவில் அடுத்தடுத்து வரும் சொற்களை வைத்து 2025இல் தமிழ்நாடு அரசின் வழக்கு எவ்வளவு தூரம் போனது என்பதை நீங்களே நாள்தோறும் வெளியிட்டீர்கள்.

என் வாதத்துக்கு இதுவே பலம். சொல்லுக்குப் பொருள் எது என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. மொழிபெயர்ப்பவர் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலத்தில் மே என்றால் லாம், ஷால் என்றால் வேண்டும், அப்படியே கொண்டு வந்து வாசகர் கையில் கொடுத்துவிட வேண்டும். சட்டத் தமிழில் 'செய்தல் வேண்டும்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது, கேட்க விறைப்பாக இருந்தாலும் அது நல்ல வழக்கம். ஏனென்றால் நம் 'வேண்டும்' ரொம்பத் தளர்ந்துபோன சொல். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறோம், ஐயா மனமிரங்கி உதவ வேண்டும் என்று மனுவில் கெஞ்சுகிறோம், அதே சொல்லால் அரசும் உத்தரவு போடுகிறது. ஷால், மஸ்ட் (must), ஷுட் (should) மூன்றையும் அந்த ஒன்றில் அடைக்கிறோம். கட்டாயம் என்று காட்ட வேண்டிய இடத்தில் 'தந்தே ஆக வேண்டும்', 'கட்டாயம் தர வேண்டும்' என்று எழுதத் தயங்காதீர்கள்.

மற்ற இடங்களிலும் இதற்கு மெனக்கெட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2007இல் மத்திய உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது, பல பொருள் தருகிறது என்று ஷால் என்ற சொல்லையே கைவிட்டு மஸ்ட், மே என்று இடத்துக்குத் தக்கபடி பிரித்துப் போட்டார்கள். இணையத்தை உருவாக்கிய பொறியாளர்கள் 1997லேயே, மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மட்டும் விலகலாம், மே என்றால் முழுக்க விருப்பம் என்று தனி ஆவணமே எழுதி வைத்தார்கள். ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசுவதற்கே இவ்வளவு கவனம் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் அறையில் உங்களை நிறுத்தி வைத்து, பேச்சு முடிந்ததும் "நீங்க போகலாம்" என்றால் அது அனுமதி இல்லை, உத்தரவு. ஆங்கிலத்தில் யூ மே கோ என்றாலும் அப்படியே. அதிகாரத்தில் இருப்பவர் வாயில் லாம் என்பது கீழே இருப்பவருக்கு வேண்டும் ஆகிவிடுகிறது. அதே அதிகாரத்தில் இருப்பவருக்குச் சட்டம் வேண்டும் என்று சொன்னால், அவர் கைக்குப் போகும்போது அது லாம் ஆகிவிடுகிறது. வெளியே நிற்பவருக்கு இந்த இரண்டிலும் நஷ்டம். அந்த ஒன்றாம் வகுப்புப் பையன் கதவுக்கு வெளியே நின்று சொன்ன சொல்தான் இது என்பதை நான் மறக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நீதிமன்றச் செய்தி, அரசாணைச் செய்தி எழுதும் உதவி ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உத்தரவுச் செய்தியில் லாம் என்று முடியும் வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஆங்கில மூலத்தை ஒரு தரம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊகத்துக்குக் கூடும், அனுமதிக்கு லாம் என்று தலைப்புகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். டைப் அடிக்கும் கடைக்காரரும் உங்கள் நாளிதழைப் படித்துத்தான் தமிழ் எழுதப் பழகுகிறார், அவர் கடையிலும் உங்கள் தாள்தான் மேசையில் கிடந்தது.

அக்காவின் விஷயம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பீர்கள். நானே உட்கார்ந்து புதிதாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், 'எட்டு வாரங்களுக்குள் வழங்கியே ஆக வேண்டும்' என்று. மேலே ஆங்கில உத்தரவின் நகலை வைத்து, ஷால் என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தோம். திங்கட்கிழமை காலையில் அக்காவோடு நானும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். எட்டு வாரத்தில் ஐந்து வாரம் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்